காண்டெஸாவுக்கு டர்போ: கடலூர் ஷெட்டில் நடக்கும் வேலை

கேள்வி, 3 நவம்பர் 2024

அண்ணே, விழுப்புரத்திலிருந்து எழுதுறேன். எங்க வீட்டில் 1.8 ஐசுசு பெட்ரோல் இன்ஜின் போட்ட காண்டெஸா கிளாசிக் நிக்குது. நீங்களும் அதே கார் வெச்சு டர்போ போடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பழைய இன்ஜின் தாங்குமா? எல்லாரும் இன்ஜினையே தூக்கிட்டு ஜப்பான் ஆறு சிலிண்டர் போடச் சொல்றாங்க. இல்லன்னா டர்போ டீசல் போடுன்னு சொல்றாங்க. உங்க அபிப்ராயம் என்ன?

4 நவம்பர் 2024

தம்பி, இன்ஜினைத் தூக்க வேண்டாம். டர்போ காற்றைக் கூடுதல் அழுத்தத்தில் இன்ஜினுக்குள் தள்ளுகிறதே, அந்த பூஸ்ட் அரை பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் பாதி) இருந்தால் போதும். அதற்கு மேல் ஆசைப்படாமல் இருந்தால் அந்த ஐசுசு தாராளமாகத் தாங்கும் என்பது என் கணிப்பு. ஏன் என்று இந்த இழையிலேயே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இப்போதைக்கு ஒன்று மட்டும். காண்டெஸாவின் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரிலிருந்து வந்தது. 1984-ல் உத்தரபாராவில், அதாவது மேற்கு வங்கத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், ஓடத் தொடங்கும்போது அதற்குள் இருந்தது அம்பாசிடர் குடும்பத்து 1.5 லிட்டர் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய உடம்பை அது இழுத்த லட்சணம் அந்தக் காலத்து ஓட்டுநர்களைக் கேட்டால் தெரியும். பிறகு வந்த ஐசுசு 1.8 தான் (1817 சிசி, 88 குதிரை) இந்தக் காரை நெடுஞ்சாலைக் கார் ஆக்கியது. மேலே கேம், அலுமினிய ஹெட், ஐந்து கியர், பின்சக்கர இழுவை. நம் ஊரில் மசில் கார் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை மாட்டினால் மிஞ்சுவது காண்டெஸாவின் தகரம் மட்டும்தான்.

9 நவம்பர் 2024

"அரை பார் என்றால் எத்தனை குதிரை ஏறும்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும், அதனால் 88 அப்படியே 132 ஆகிவிடும் என்று ஒருவர் கணக்கும் போட்டிருக்கிறார். அப்படி ஆகாது. சைக்கிள் பம்பில் வேகமாகக் காற்றடித்தால் அடிப்பாகம் சுடுகிறதே, டர்போவுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்று விரியும், விரிந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு.

நம்மூர் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பானெட்டுக்கு முன்னால் காற்று 35 டிகிரி என்று வையுங்கள். அரை பார் பூஸ்டில், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால், வெளியே வரும் காற்று 89 டிகிரியைத் தொடும். அதை அப்படியே இன்ஜினுக்குள் விட்டால் காற்றின் அடர்த்தி 1.28 மடங்குதான், 112 குதிரை கிடைக்கும். நடுவில் ஒரு நல்ல இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றுகிற ரேடியேட்டர்) போட்டு 51 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி 1.43 மடங்கு, 125 குதிரை. ஆக, ஒரே பூஸ்ட், ஒரே டர்போ, இன்டர்கூலர் இருந்தால் 13 குதிரை அதிகம். குதிரையை விடப் பெரிய விஷயம், 89 டிகிரி காற்று உள்ளே போனால், சிலிண்டருக்குள் அமுங்கும்போது பெட்ரோல் கலவை தானே பற்றிக்கொள்ளும் ஆபத்து (நாக்கிங்) அதிகம் கூடும். அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் வெளியே 40-ஐத் தாண்டும். அப்போது இந்தக் கணக்கு முழுக்க இன்னும் மேலே நகரும்.

அதனால் பட்ஜெட்டில் முதல் இடம் இன்டர்கூலருக்கு, டர்போ அதற்கு அடுத்துதான்.

17 நவம்பர் 2024

எந்த டர்போ என்று கேட்டவருக்கு: கே03. ஸ்கோடா ஆக்டேவியாவின் 1.8 டர்போ பெட்ரோலில் வந்த வகை. 1781 சிசி இன்ஜினுக்கென்று அளவெடுத்தது, நம்முடையது 1817. இதைவிட நெருக்கமான பொருத்தம் நம் நாட்டுப் பழைய மார்க்கெட்டில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுத்தேன். வாங்கும்போது பார்க்க வேண்டியது தண்டின் ஆட்டம். குறுக்கே கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, ஆயில் ஏறினால் அது நிமிர்ந்துகொள்ளும். முன்னும் பின்னும் விரலுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் வாங்காதீர்கள், த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

டீசல் எஸ்யூவியின் டர்போ பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்கிறார்கள். டீசலின் புகை வெப்பமும் பெட்ரோலின் புகை வெப்பமும் வேறு. டீசலில் 800 டிகிரியைச் சுற்றி நிற்கும், பெட்ரோலில் முழு பாரத்தில் 950-ஐத் தாண்டும். அதிலும் இறக்கை திரும்புகிற விஜிடி வகை டீசல் டர்போவைப் பெட்ரோல் இன்ஜினில் மாட்டவே வேண்டாம். அந்த வகையைப் பெட்ரோல் காரில் தாங்க வைக்க போர்ஷே 911 டர்போவுக்கே 2006 வரை ஆனது, அதுவும் விலை உயர்ந்த உலோகக் கலவையில்.

24 நவம்பர் 2024

ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. இன்று முழுக்க அளவுதான்.

போர் (சிலிண்டரின் விட்டம்) 84 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82 மி.மீ. ஆக ஒரு சிலிண்டருக்கு 454 சிசி. பிஸ்டன் மேலே நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்பதுதான் கம்ப்ரஷனை முடிவு செய்கிறது. பள்ளிக்கூட வேதியியல் லேபில் வைத்திருப்பார்களே ப்யூரெட், அதில் ஒன்று வாங்கி வந்தேன். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு இரண்டும் மூடியிருக்க, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை மேலே ஒட்டி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட வேண்டும். கண்ணாடிக்குக் கீழே காற்றுக் குமிழி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்டை லேசாகச் சாய்த்து அதை ஓட்டை வழியாக வெளியேற்றிவிட்டு, கடைசிச் சொட்டு கண்ணாடியைத் தொடும்போது ப்யூரெட்டைப் படிக்க வேண்டும். நான்கு அறையிலும் இதே வேலை.

கேஸ்கட் கனம், பிஸ்டன் பள்ளம் எல்லாம் சேர்த்து என் இன்ஜினில் 57 சிசி வந்தது. அதாவது கிட்டத்தட்ட 9:1. டர்போவுக்கு 8.5:1 இருந்தால் நிம்மதி என்று பலர் சொல்வார்கள். அதற்கு 60.5 சிசி வேண்டும். மூன்றரை சிசி எங்கிருந்து எடுப்பது என்று யோசனையில் இருக்கிறேன். பிஸ்டன் தலையை லேத்தில் கொஞ்சம் சீவலாம் என்று இப்போதைக்கு நினைப்பு.

கனமான கேஸ்கட் போட்டால் முடிந்தது என்று பாண்டி தட்டாஞ்சாவடி லேத் பட்டறை அண்ணன் சொன்னார். 0.65 மி.மீ. கனம் கூட்டினால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் ஓரத் தட்டைப் பகுதிக்கு நெருங்கி வந்து, அங்கே உள்ள கலவையை நடுவுக்குப் பீய்ச்சி அடிக்கும். அந்தச் சுழற்சிதான் எரிதலை வேகமாக்கி நாக்கிங்கைத் தடுக்கிறது. இடைவெளியைக் கூட்டினால் அது போய்விடும். கம்ப்ரஷனைக் குறைத்தும் நாக்கிங் கூடலாம். இதைச் சொன்னதும் அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்து "அப்படின்னா கையை வைக்காதே" என்றார். பெரிய மனசு அவருக்கு.

8 டிசம்பர் 2024

எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஃபெஞ்சல் புயல் பாண்டியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள். எங்களுக்கு அடி அதற்கு அப்புறம்தான் வந்தது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் ஏறிவிட்டது. எங்கள் ஷெட்டில் முழங்காலுக்கு மேல்.

இன்ஜின் பிளாக் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது, ஹெட்டும் டர்போவும் வீட்டு பரண் மேலே. கியர்பாக்ஸ் மட்டும் தரையில். ஆயிலைத் திறந்தால் வெளுத்துப்போய் வந்தது, தண்ணீர் கலந்துவிட்டது. பேரிங் எல்லாம் கழற்றி டீசலில் கழுவிக்கொண்டிருக்கிறேன். பாடியில் கதவுக்கு அடியில் ஓடுகிற பெட்டித் தகரத்துக்குள் (சில்) வண்டல் மண் புகுந்திருக்கிறது. அதை ஈரம் காயும் முன் எடுக்காவிட்டால் உள்ளிருந்தே தின்றுவிடும். இந்தக் கடலோரத்தில் உப்புக் காற்றே போதும் தகரத்துக்கு, அதோடு இதுவும்.

பக்கத்துத் தெருவில் நான்கைந்து கார்கள் முழுகியிருந்தன. ஒருவர் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யப் போனவரை ஓடிப்போய் நிறுத்தினேன். தண்ணீர் ஏறிய காரை யாரும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பிறகு பிளக்கை எல்லாம் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். தண்ணீர் அமுங்காது. உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து வேலை மறுபடி தொடங்கியாகிவிட்டது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செய்தோம்.

நெய்வேலியில் வெல்டராக இருந்து ரிட்டையர் ஆன மாமா ஒருவர் வருகிறார். சுரங்க இயந்திரங்களோடு வாழ்ந்தவர். எங்கள் காரின் பானெட்டை முதன்முதலாகப் பார்த்துவிட்டு "இதில் நாலு பேர் படுக்கலாம் போலிருக்கே, எதுக்கு மாப்ளே இவ்வளவு சின்ன இன்ஜின்" என்று சிரித்தார். அவருக்காகவாவது டர்போ போட்டே ஆக வேண்டும்.

நான் ஸ்டெயின்லெஸ் பைப் வாங்கி வைத்திருந்தேன், பளபளப்பாக இருக்கும் என்று. மாமா தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். 304 ஸ்டெயின்லெஸ் சூட்டில் சாதா இரும்பை விட அதிகம் நீளும், சுமார் ஒன்றரை மடங்கு. நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி, டர்போவின் பாரமும் அதன் மேலேயே தொங்கினால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். கனமான ஸ்டீம் பைப் பெண்டில் செய்தால் அழகு குறைவு, ஆயுள் அதிகம். அப்படியே செய்தோம். ஹெட்டோடு சேர்கிற ஃபிளாஞ்ச் 12 மி.மீ. தகடு. வெல்டிங் செய்யும்போது ஒரு பழைய உடைந்த ஹெட்டில் அதை போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் டிக் வெல்டிங் வைத்தார். ஒரே பக்கம் தொடர்ந்து ஓட்டாமல், ஒரு பைப்பில் ஒரு விரல் நீளம், பிறகு எதிர்ப்பக்கத்துப் பைப்பில் ஒரு விரல் நீளம் என்று மாறி மாறி. ஆறும் வரை போல்ட்டைத் தொட விடவில்லை. டீ வந்தது, குடித்தோம், இரண்டாவது டீயும் வந்தது, அப்போதும் விடவில்லை. கழற்றிய பிறகு நேர்கோட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி எங்கும் இல்லை.

இந்த மாதிரிக் கைகள் கடலூர், நெய்வேலி, பாண்டி வட்டாரத்தில் எத்தனையோ இருக்கின்றன. பெரிய ஊர்ப் பட்டறைகளில் நாம் கொடுக்கிற காசுக்கு இந்த நிதானம் கிடைப்பதில்லை. நம் பக்கத்து ஆட்களைத் தேடுங்கள் என்று இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

2 பிப்ரவரி 2025

"அமெரிக்காக்காரன் வி8-ஐப் பெரிசாக்கித்தான் மசில் கார் செய்தான், டர்போ எல்லாம் ஏமாற்று" என்று ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவில்தான் டர்போ முதலில் சாலைக்கு வந்தது சார். 1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கார் விட்டது, ஷெவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். ஜெட்ஃபயர் என்பது 3.5 லிட்டர் அலுமினிய வி8, 215 குதிரை. கம்ப்ரஷன் 10.25:1, அதன் மேல் டர்போ! நாக்கிங் வராமல் இருக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி, பூஸ்ட் வரும்போது பீய்ச்ச வைத்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்ட் தானே குறைந்துவிடும். கார் வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்பவே இல்லை. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டு நான்கு பேரல் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்தது. 1987-ன் ப்யூக் ஜிஎன்எக்ஸ். 3.8 லிட்டர் வி6, இன்டர்கூலரோடு டர்போ, கம்பெனிக் கணக்கில் 276 குதிரை, மொத்தமே 547 கார்கள். எட்டு சிலிண்டர் இல்லாமலேயே அந்நாளைய அமெரிக்கக் கார்களை நேர்கோட்டில் தோற்கடித்தது. இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இந்த இரண்டு கார்களுக்கும் நடுவே மாறியது முக்கியமாக இரண்டு விஷயம்: எரிபொருளை கம்ப்யூட்டர் அளந்து கொடுத்தது, காற்றை இன்டர்கூலர் ஆற்றியது. நம் ஷெட்டில் செய்வதும் இதே இரண்டும்தான்.

23 பிப்ரவரி 2025

டர்போ தண்டுக்கு ஆயில் கொண்டுபோகிற லைன். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், வீட்டில் போட்ட டர்போ புகை விட்டால் பாதிக்கு மேல் காரணம் இங்கேதான்.

ஆயில் உள்ளே போவது அழுத்தத்தில். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு எடுத்துவிடலாம். வெளியே வருவது வெறும் ஈர்ப்பு விசையில். அதுவும் நுரையோடு வரும், ஏனென்றால் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதனால் வெளியேறும் குழாய் பெரிசாக, குறைந்தது 16 மி.மீ. உள்விட்டம், எங்கும் தொய்வு இல்லாமல், நேரே இறங்கி, சம்பில் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் நிற்கும் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். சம்பைக் கழற்றி மாமாவிடம் கொடுத்து குழாய் மாட்டுகிற வாய் (பங்) ஒன்றை வெல்டிங் வைத்தோம்.

இதற்கு இணையான இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து காற்று இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிற குழாய் இருக்கிறதே, அதில் ஒருவழி வால்வு நல்லதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பூஸ்ட் வரும்போது காற்று திரும்பி கிராங்க்கேஸுக்குள் போகும், உள்ளே அழுத்தம் ஏறும், டர்போவிலிருந்து ஆயில் இறங்க முடியாமல் சீலைத் தாண்டிக் கசியும், நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று சொல்லிப் புதிது வாங்க வைப்பார்கள். புதியதும் புகைவிடும்.

16 மார்ச் 2025

கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பதில் என் மனம் மாறிவிட்டது. ஆரம்பத்தில் இருக்கும் ரெட்டை பேரல் கார்புரேட்டரையே பெட்டிக்குள் அடைத்து, டர்போ காற்றை அதன் வழியாக ஊதலாம் என்று இருந்தேன். பழமை மாறாது, வயர் குறைவு. யோசிக்க யோசிக்க, மிதவை அமுங்காமல் இருக்க வேண்டும், பெட்ரோல் அழுத்தம் பூஸ்டுக்கு ஈடாக ஏற வேண்டும், த்ராட்டில் தண்டில் காற்று கசியக் கூடாது, இத்தனையும் சரியாக இருந்தாலும் வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் ஜெட் (பெட்ரோல் வருகிற துளை) ஒன்றேதான். பூஸ்டில் ஒரு விநாடி பெட்ரோல் குறைந்தாலும் பிஸ்டன் உருகும். அந்த ரிஸ்க் எனக்கு வேண்டாம்.

அதனால் ஸ்பீடுயினோ, பெட்ரோலை அளந்து பீய்ச்ச வைக்கும் இன்ஜின் கம்ப்யூட்டர். அர்டுயினோ மெகா போர்டை வைத்து ஓடுகிற, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யக்கூடிய திறந்த வடிவமைப்பு. கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம், 2.5 பார் வரை படிக்கிற மேனிஃபோல்டு பிரஷர் சென்சார், வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். இன்ஜெக்டர் கணக்கு: 125 குதிரைக்கு, டர்போ இன்ஜின் என்பதால் தாராளமாகப் போட்டு, 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 245 சிசி. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக இன்னும் ஆறேழு சதவீதம் கூட்டினால் 260. 300 சிசி அளவில் வாங்கினேன். சின்ன காரின் இன்ஜெக்டரைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

17 மார்ச் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "காண்டெஸாவின் ஆத்மாவே கார்புரேட்டர்தான்" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஐயா, பழைய கார்புரேட்டரைத் துடைத்து, ஆயில் தடவி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. எந்த நாளும் திரும்ப மாட்டலாம்.

4 மே 2025

பெட்ரோல் பற்றிப் பல கேள்விகள். எங்கள் ஊர்க்காரர்கள் முள்ளோடை தாண்டி பாண்டி பங்கில் போடுவது வழக்கம், விலை குறைவு. இப்போது எந்தப் பக்கம் போட்டாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது.

பழைய காருக்கு இது கெடுதல் என்பது உண்மைதான். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் கடலோர ஈரத்தில் டேங்க் சீக்கிரம் துருப்பிடிக்கும். டேங்கிலிருந்து இன்ஜின் வரை ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் கேட்டு வாங்குங்கள், இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் தாங்கும், எத்தனாலையும் தாங்கும்.

ஆனால் டர்போவுக்கு இதே பெட்ரோல் நல்லது! முன்பு கிடைத்த சாதா பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 91. 20 சதவீத எத்தனால் கலவைக்கு 95. அதோடு எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சும், சிலிண்டருக்குள் போகும் காற்று இன்னும் ஆறும். இதனால் நவம்பரில் எழுதிய பிஸ்டன் சீவுகிற யோசனையைக் கைவிடுகிறேன். 9:1 அப்படியே இருக்கட்டும். பூஸ்டில்லாத நேரத்தில், அதாவது ஊருக்குள் ஓட்டுகிற நேரம் முழுக்க, அந்த 9:1 தான் இழுவை தரும்.

ஒரு எச்சரிக்கை. ட்யூன் செய்யும்போது காற்று-எரிபொருள் விகிதத்தை நம்பாமல் லாம்டாவில் (இருக்கும் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்தது) பாருங்கள். சுத்தப் பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.7, இந்தக் கலவைக்கு 13.5 பக்கம். லாம்டா எந்த எரிபொருளுக்கும் 1 தான். முழு பூஸ்டில் எனக்கு இலக்கு 0.80.

15 ஜூன் 2025

ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் எழும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றி, டர்போவுக்கு ஆயில் போனதைக் குழாயைத் தளர்த்திப் பார்த்து உறுதி செய்தபின்தான் பிளக் மாட்டினோம். மாமா, லேத் அண்ணன், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என ஷெட் நிறைய ஆட்கள். முதலில் மேனிஃபோல்டில் தடவியிருந்த எண்ணெய் எரிந்து புகை. பிறகு அடங்கியது. ஐட்லிங் 900-ல் நின்றதும் டர்போ சக்கரத்தின் மெல்லிய விசில் கேட்டது. மாமா மேனிஃபோல்டின் ஒவ்வொரு வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், எங்கும் கசிவில்லை.

29 ஜூன் 2025

பிரேக். பூஸ்ட் ஏற்றுவதற்கு முன் இதை முடித்தாக வேண்டும் என்று வைத்திருந்தேன். பிரேக் பூஸ்டர் மேனிஃபோல்டின் வாக்குவத்தில் ஓடுகிறது. டர்போ ஊதும்போது அதே மேனிஃபோல்டில் வாக்குவம் போய் அழுத்தம் வருகிறது. நடுவில் இருக்கும் ஒருவழி வால்வு பழசாகி லீக் ஆனால், வேகமாகப் போய்க் காலை எடுத்துப் பிரேக்கில் வைக்கிற அந்த நேரத்தில் பெடல் கல்லாக இருக்கும். வால்வு 100 ரூபாய் சாமான். புதிது போடுங்கள், போட்டபின் ஊதிப் பாருங்கள். பிரேக் ஹோஸ், பேட், பின் ட்ரம் ஷூ எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று.

20 ஜூலை 2025

சட்டம் பற்றி நேரடியாகக் கேட்டவருக்கு நேரடியாகவே பதில். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து காரை மாற்றிச் சாலையில் ஓட்டக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. 2021-ல் வந்த விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வாகனங்களுக்கு. முதல் காண்டெஸாவுக்கே அந்த வயது 2034-ல்தான் வரும். ஆகவே டர்போ மாட்டிய நிலையில் என் கார் லாரியில் ஏறித்தான் போகும், டைனோவுக்கும் (சக்கரத்தில் சக்தியை அளக்கும் இயந்திரம்) ட்ராக்குக்கும். ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு வா என்று கூப்பிடுகிறவர்கள் மன்னிக்கவும். மாட்டுக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் போகிற சாலை அது.

14 செப்டம்பர் 2025

சென்னையில் டைனோவில் ஏற்றினோம். டர்போ போடும் முன் இதே காரில் சக்கரத்தில் எடுத்த அளவு 66 குதிரை (இன்ஜின் தருவதில் கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போனது போக). இப்போது அரை பாரில் 93. நவம்பரில் போட்ட 1.43 மடங்கு கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, 1.41. எனக்குக் குதிரையை விடச் சந்தோஷம் கொடுத்தது வேறு எண்கள்: முழு பாரத்தில் இன்டேக் காற்று 54 டிகிரி, லாம்டா 0.80-ஐ விட்டு நகரவில்லை, நாக்கிங் மைக்கில் ஒரு சத்தம் இல்லை. ஸ்பார்க் டைமிங்கை ஒரு பிஎஸ்ஐ (அரை பார் என்பது சுமார் 7 பிஎஸ்ஐ) பூஸ்டுக்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்குத் தள்ளித் தொடங்கினோம். அங்கேயே நின்றுவிட்டோம்.

டைனோ ஆள் "இன்னும் கால் பார் ஏற்றட்டுமா, தாங்கும்" என்றார். தாங்கலாம். ஹெட் கேஸ்கட், கிளட்ச், ஐந்தாவது கியர், பின் ஆக்சில் எல்லாம் 88 குதிரைக்கு என்று செய்தவை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

12 அக்டோபர் 2025

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டியாயிற்று. 2500 சுற்றிலேயே பூஸ்ட் வந்துவிடுகிறது, மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் அமர்ந்துகொண்டு போகிற போக்கு இருக்கிறதே, இந்த உடம்புக்கு இப்படி ஒரு இழுவை ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தண்ணீர் வெப்பம் 100-ஐ நெருங்குகிறது. இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை மறைக்கிறது. பக்கங்களில் தகடு அடைத்து, காற்று ரேடியேட்டரைச் சுற்றி ஓடாமல் அதற்குள்ளேயே போகச் செய்ய வேண்டும். அடுத்த வேலை அது.

ட்ராக்கிலிருந்து வந்ததும் உடனே அணைக்காமல் ஐட்லிங்கில் ஓட விடுங்கள். சிவக்கச் சூடான டர்போவுக்குள் ஆயில் நின்றுபோனால் கருகிக் கரியாகப் படியும். கே03-க்குத் தண்ணீர்க் குழாயும் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. அதனால் தண்ணீர் லைனை இணைக்காமல் விடாதீர்கள்.

19 அக்டோபர் 2025

எஃப்.சி. வரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்ட நண்பருக்கு. மேனிஃபோல்டு, டர்போ, இன்ஜெக்‌ஷன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பழைய மேனிஃபோல்டு, கார்புரேட்டர், மெக்கானிக்கல் பம்ப் மாட்டித்தான் கொண்டு போவேன். அதற்காகவே பாடியில் ஒரு இடத்திலும் வெட்டவில்லை. இன்டர்கூலர் குழாய்கள் இருக்கிற ஓட்டைகள் வழியாகவே போகின்றன, வயரிங் தனிக் கட்டாக, ஒரே சாக்கெட்டில் கழன்று வரும்படி. சம்பில் வைத்த பங்குக்கு ஒரு மூடி கடைந்து வைத்திருக்கிறேன். கிராங்க் புல்லியின் பல்சக்கரம் அப்படியே இருந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. எக்ஸாஸ்ட் ஸ்டட்களுக்கு மட்டும் மாட்டும்போதே காப்பர் ஆன்டி-சீஸ் தடவிவிடுங்கள், நட்டும் பித்தளையில் போடுங்கள். இல்லாவிட்டால் கழற்றும்போது ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், அதை எடுப்பது டர்போ போடுவதை விடப் பெரிய வேலை.